முந்நூற்றைம்பது வாட்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் மின்சாமான்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் நெல்லையப்பன். கடையில் நாற்காலி இருந்தும் அவர் உட்காருவதில்லை. மின்விசிறி, ஒயர், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் என்று அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு இடையே, எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையும், அது எத்தனை வாட் இழுக்கும் என்பதையும் மனப்பாடமாக அறிந்தவராய் நின்றுகொண்டே இருப்பார். ஆனால் அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எது விலை குறைவு? ஒரு பொருள் ஏன் அப்படி இயங்குகிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

ஏன் என்ற அந்தக் கேள்விக்காகவே அவர் பிறந்தவர் போல இருந்தார். அம்பாசமுத்திரத்தில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது தகப்பனார் இறந்துபோனார். மாமா ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவந்து இந்தச் சாலைக் கடையில் விட்டார். விட்டுப்போன படிப்பை, பெட்டிகளுக்குள் வரும் விளக்கக் கையேடுகளைப் படித்தே அவர் தொடர்ந்தார். கடைக்கு வந்த ஒரு கையேட்டையும் அவர் படிக்காமல் விட்டதில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான், படித்ததையெல்லாம் சொல்வதற்கு அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. டெலிகிராமில் 'அனந்தபுரி அரட்டை' என்ற குழு. திருவனந்தபுரத்துத் தமிழர்கள் இருநூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அதைத் தொடங்கியவன் மஹேஷ் என்ற இளைஞன். கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்ப்பவன். சண்டை வராமலிருக்க அவன் சில விதிகளை வகுத்திருந்தான். அரசியல், மதம், சினிமா மூன்றும் கூடாது. சொந்தப் பெயர் கூடாது. எந்த ஊர், என்ன வேலை என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. வீட்டு விஷயம் பேசவே கூடாது. இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சியவற்றைப் பற்றித்தான் அங்கே நாள்முழுதும் வாதம் நடக்கும். எந்த ஃபோன் நல்லது, மின்சார ஸ்கூட்டரா பெட்ரோலா, அணு உலையா சூரிய ஒளியா, தங்கமா கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்ப்யூட்டர்க் காசா, விளையாடுவதற்குக் கம்ப்யூட்டர் உகந்ததா தனிக் கருவி உகந்ததா என்று முடிவில்லாமல் போகும். ஒவ்வொரு வாதத்துக்கும் சனிக்கிழமை வாக்கெடுப்பு உண்டு. தோற்றவர் 'ஏற்றேன்' என்று ஒரே ஒரு சொல்லை எழுத வேண்டும். காசும் இல்லை, பந்தயமும் இல்லை. அந்த ஒரு சொல்லை எழுதவைப்பதற்காக ஆண்கள் பெண்கள் அனைவரும் வாரம் முழுவதும் மூச்சுப்பிடித்து வாதாடினார்கள்.

நெல்லையப்பன் அங்கே 'எதிர்முனை' என்ற பெயரில் இருந்தார். ஐந்து ஆண்டுகளில் அவர் 'ஏற்றேன்' என்று எழுதியது மூன்றே முறை.

"இன்னைக்கு யாரு கூட மல்லுக்கு நிக்கிய?" என்று சோறு பரிமாறும்போது அவர் மனைவி பொன்னம்மை கேட்பாள்.

"ஒருத்தன் மின்சாரக் காரு மலையேறாதுங்கான்."

"நம்ம கிணத்து மோட்டாரு மூணு நாளாட்டு ஏற மாட்டேங்கு. அதுக்கும் ரெண்டு வாதம் பண்ணுங்களேன்."

கடையில் அவருடன் வேலை பார்க்கும் ஹரிகுமாரும் விடமாட்டான். "அண்ணாச்சி சைக்கிள்ல ஏறினாலே முட்டு நடுங்கும். அங்க போய் காரைப் பத்தி கிளாஸ் எடுக்காரு, கேட்டோ" என்று சரக்கு எடுக்க வருபவர்களிடமெல்லாம் சொல்வான். நெல்லையப்பன் சிரித்துக்கொள்வார். தாம் வாதாடும் பொருள்களில் ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை என்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

குழுவில் அவருக்கு மிகவும் பிடித்த எதிராளி 'பனிப்பூனை' என்ற பெயரில் எழுதியவன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் கரைகண்டவன். வேகமாக எழுதுவான், ஆனால் மரியாதை தவற மாட்டான். தோற்றால் வாக்கெடுப்பு முடிந்த மறுநிமிடமே 'ஏற்றேன்' என்று எழுதிவிடுவான். அவனோடு வாதாடாத நாளில் நெல்லையப்பனுக்குச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தது போலிருக்கும்.

சென்ற சித்திரை மாதத்தில் வெயில் கொளுத்தியது. மின்சாரம் அடிக்கடி போயிற்று. 'மின்வெட்டுக்கு ஜெனரேட்டரா, பேட்டரியா?' என்ற வாதம் தொடங்கியது. பனிப்பூனை ஜெனரேட்டரின் பக்கம் நின்றான். பெட்ரோல் ஊற்றினால் ஓடும், அது மழையையும் பார்க்காது, வெயிலையும் பார்க்காது என்றான். எதிர்முனை பேட்டரியின் பக்கம். சத்தமில்லை, புகையில்லை, கூரையில் ஒரு சூரியத் தகடு வைத்தால் தானே நிரம்பிக்கொள்ளும் என்று கையேடுகளிலிருந்து எண்களை அடுக்கினார்.

மூன்றாம் நாள் பனிப்பூனை கேட்டான்: "350 வாட் நிக்காம இழுக்குற சாதனம் ஒண்ணு வீட்டுல இருந்தா?"

நெல்லையப்பன் அதைப் படித்துவிட்டுப் புன்னகைத்தார். நல்ல விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று இழுப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். பூனை தன் பாலைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று எண்ணிக்கொண்டார்.

"24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வாங்குங்க. ஆறு மணி நேரம் ஓடும். நம்ம ஊருல ஆறு மணி நேரத்துக்கு மேல எப்பப் போயிருக்கு கரண்ட்?" என்று எழுதினார்.

"போனா?"

அப்போது கடையில் கூட்டமில்லை. வெயிலுக்குப் பயந்து தெருவே காலியாகக் கிடந்தது. நெல்லையப்பன் சுகமாகச் சுவரில் சாய்ந்து, இரண்டே வரி எழுதினார்:

"விளையாட்டு நின்னுபோனா யாரும் செத்துப்போக மாட்டாங்க பூனை. படுத்துத் தூங்குங்க."

குழுவே சிரித்தது. மஹேஷ் அந்த வரிகளின் மேல் தூங்கும் பூனை ஒன்றை வரைந்து, ஸ்டிக்கராக ஆக்கிவிட்டான். அந்த வாரம் பேட்டரிக்கு எழுபத்தொரு வாக்குகள், ஜெனரேட்டருக்கு ஒன்பது. பனிப்பூனை வழக்கம்போல மறுநிமிடமே 'ஏற்றேன்' என்று எழுதினான். அதன்பின் யாராவது எதற்காவது கவலைப்பட்டால் அந்தத் தூங்கும் பூனை வந்து விழுவது குழுவின் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நெல்லையப்பனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. தாம் எழுதியதை இருநூறு பேர் எடுத்தாள்கிறார்கள் என்பது சின்னப் பெருமையா என்ன?

ஆடியை ஒட்டி வரும் கர்க்கடக மாதம் பிறந்து இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளி, சனி இரண்டு நாளும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கரமனையில் தம் வீட்டில், இடியாப்பத்தை எதிரில் வைத்துக்கொண்டு நெல்லையப்பன் ஃபோனைத் திறந்தார். ஒன்பது மணி பத்து நிமிடம். பனிப்பூனை எழுதியிருந்தான்:

"24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, 350 வாட். மீட்டர் 62 சதவீதம் காட்டுது. எவ்வளவு நேரம் தாங்கும்?"

அதன்கீழே நான்கு தூங்கும் பூனைகள் வந்து விழுந்திருந்தன.

நெல்லையப்பன் மகிழ்ந்துதான் போனார். பூனை 'ஏற்றேன்' என்று எழுதியதோடு நில்லாமல் பேட்டரியை வாங்கியே விட்டதே! இன்வெர்ட்டரில் வீணாகும் பங்கையும் கழித்துக் கணக்குப் போட்டு, "மூணு மணி அம்பது நிமிஷம். ஒரு மணி வரைக்கும் ஆடலாம்" என்று பதில் எழுதினார்.

"ஓட்டத்தைக் குறைச்சா வாட் குறையுமா?"

"எதோட ஓட்டம்?"

இடியாப்பத்தின்மேல் பொன்னம்மை தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டுப் போனாள். பிறகு பதில் வந்தது:

"ஆக்ஸிஜன். அம்மாவுக்கு. ரெண்டு லிட்டர் போகுது. ஒண்ணாக்கினா பேட்டரி கூட நேரம் நிக்குமா?"

நெல்லையப்பன் அதை இரண்டு முறை படித்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கும் அந்த இயந்திரத்தை அவர் படத்தில் பார்த்திருக்கிறார். பெட்டி போல இருக்கும். முந்நூற்றைம்பது வாட் இழுக்கும். ஆனால் ஓட்டத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை எந்தக் கையேட்டிலும் அவர் படித்ததில்லை. அவர்களுடைய கடையில் அது விற்பதில்லை.

அவர் பதில் எழுதுமுன் குழு விழித்துக்கொண்டது. எல்லாரும் உதவி செய்யத் துடித்தார்கள். அதுதான் பெருங்கேடாயிற்று. ஒருவர் குறையும் என்றார்; ஒருவர் குறையாது என்றார். கார் பேட்டரியை இணைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அது வெடிக்கும் என்று இன்னொருவர் பயமுறுத்தினார். லித்தியத்துக்குப் பதில் ஈயப் பேட்டரி வாங்கியிருக்க வேண்டும் என்று ஒருவர் பத்து வரி எழுதினார். அவரை மறுத்து இன்னொருவர் இருபது வரி எழுதினார். எண்பது பதில்களுக்கு அடியில் பனிப்பூனையின் ஒரு வரி புதைந்து கிடந்தது:

"மலையில இருக்கோம். நேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு. சிலிண்டர் காலையில தீர்ந்தது. ரோடும் இல்ல. தண்ணித்தொட்டி மேல ஏறினாத்தான் சிக்னல், அதுவும் விட்டு விட்டு."

அதற்குப்பின் அவன் எழுதவில்லை.

நெல்லையப்பன் மஹேஷை ஃபோனில் அழைத்தார். குழுவில் அவருக்கு எண் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"அந்தப் பூனையோட நம்பர் வேணும் தம்பி."

"எங்கிட்ட இல்லியே அண்ணா. யார் நம்பரும் யாருக்கும் தெரியப்படாதுன்னுதானே அப்படி வச்சிருக்கேன்" என்றான் மஹேஷ். "அந்த ஸ்டிக்கரை இப்பதான் எடுத்தேன். ஆனா சேமிச்சு வச்சிண்டவா கையிலேர்ந்து எடுக்க முடியாது."

"ஸ்டிக்கர் கிடக்கட்டும். அவன் பேரு என்ன?"

"தெரியாதே அண்ணா."

அடுத்து அவர் பேரிடர் உதவி எண்ணை அழைத்தார். பேசிய பெண் பொறுமையானவள். மலை என்றால் பொன்முடியாகத்தான் இருக்கும் என்றாள்; அந்தப் பாதையில் மூன்று இடங்களில் மண் சரிந்திருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும், ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"எந்த எஸ்டேட், சேட்டா?"

"அறியில்ல மோளே."

"ரோகியோட பேரு?"

"அதும் அறியில்ல."

"சேதி அனுப்பின ஆளோட பேராவது பறையூ."

பனிப்பூனை என்று எப்படிச் சொல்வது? ஐந்து ஆண்டுகளாக அவனை அறிவார். தங்கத்தைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான், எந்தக் கால்பந்து விளையாட்டில் யாரை முன்னால் நிறுத்துவான், மின்சார ஸ்கூட்டரில் எதைக் குறை சொல்வான் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெயர் தெரியாது. "பத்து நிமிஷத்துல திரும்ப விளிக்கேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

பிறகு அவனுடைய பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கில் இருந்தன. வாதத்துக்குப் பதில் சொல்வதற்காகப் படித்தவற்றை இப்போது அந்த மனிதனுக்காகப் படித்தார். மழைக்காலத்தில் அவன் குறைவாகவே எழுதியிருந்தான். ஓரிடத்தில், 'நான் விளையாடும்போது சத்தத்தை அணைச்சுத்தான் வைப்பேன், வீட்டுல சத்தம் ஆகாது' என்று எழுதியிருந்தான். அதற்குத் தாம் எழுதியிருந்த கேலி அடியிலேயே இருந்தது. அதை அவர் வேகமாகத் தள்ளிவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஃபோன் கேமராக்களைப் பற்றிய வாதத்தில் அவன் ஒரு படம் போட்டிருந்தான். மூடுபனி; அதற்குள் தொழிலாளர் வரிசைவீடான ஒரு நீளமான லயத்தின் சுவர்; சுவரில் மலையாள எழுத்தில் எஸ்டேட்டின் பெயரும் ஏழாம் எண்ணும். நெல்லையப்பன் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். எழுத்துத் தெளிவாகவே இருந்தது. நல்ல கேமராதான். உதவி எண்ணை மறுபடி அழைத்து எஸ்டேட்டின் பெயரைச் சொன்னார்.

"இது போதும், சேட்டா. டீமுக்குச் சொல்லிடறேன்" என்றாள் அந்தப் பெண்.

மணி பத்து ஐந்து. அவர் மனத்தில் ஒரு மணி என்ற எண் ஆணியடித்தது போல நின்றது.

"என்னவாக்கும்? முகமே சரியில்ல" என்று பொன்னம்மை கேட்டாள். அவர் சொன்னார். கேட்டுவிட்டு அவள் தொடாத இடியாப்பத்தை எடுத்து மூடிவைத்தாள். "இங்கன இருந்து எதுக்கு அதையே பாத்துக்கிட்டு? கடையில ஜெனரேட்டர் உண்டுல்லா? போங்க" என்றாள்.

கடை முதலாளி வெங்கடசுப்ரமணியன் ஃபோனில் விஷயத்தைப் பாதி கேட்டபோதே, "எடுத்துண்டு போ நெல்லையப்பா, இதுக்கெல்லாம் கேட்டுண்டு நிக்காதே" என்று சொல்லிவிட்டார். ஹரிகுமார் கடையின் மூன்று சக்கரச் சரக்கு வண்டியைக் கொண்டுவந்தான். இருவரும் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை ஏற்றினார்கள். ஒரு கேன் பெட்ரோலும் வாங்கிக்கொண்டார்கள். நெடுமங்காடு தாண்டியதும் ஹரி, "அண்ணாச்சி வேணும்ன்னு செஞ்சதா? இல்லியல்லே" என்றான். நெல்லையப்பன் தார்ப்பாயின் முனையைப் பிடித்தபடி, வண்டியின் வேகத்தையும் மீதமுள்ள தூரத்தையும் வகுத்துக்கொண்டிருந்தார். கணக்கு ஒருமுறைகூட ஒரு மணிக்கு முன் முடியவில்லை.

விதுராவைக் கடந்து மலையடிவாரத்தில் கல்லாரை அடைந்தபோது பன்னிரண்டே முக்கால். அங்கே கயிறு கட்டிப் பாதையை மறித்திருந்தார்கள். ஓர் ஆம்புலன்ஸ் மலையை நோக்கி நின்றது. தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் வண்டியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல் தலையசைத்தார்.

"அது மேல போகாது, அண்ணே. மூணு இடத்துல மண்ணு. ஆளே இடுப்பளவு சேத்துல நடந்துதான் போயிருக்கு."

"நாலு பேரு சேந்து தூக்கினா?"

"நாலு பேரை விட்டா ரெண்டு ரோகியைக் கொண்டுவரலாம்."

நெல்லையப்பன் ஒதுங்கி நின்றார். கையில் ஃபோன் இருந்தது. சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. குழுவில் இருநூற்றுப் பதினேழு புதிய பதிவுகள். 'அன்னைக்கே சொன்னேன், ஜெனரேட்டர்தான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் தூங்கும் பூனையை அனுப்பிவிட்டு, நால்வர் திட்டியபின் மன்னிப்புக் கேட்டிருந்தார். இரண்டு பேர் பிரார்த்தனைக்கு நேரம் குறித்திருந்தார்கள். பனிப்பூனையிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஒரு மணி ஆயிற்று. நெல்லையப்பன் மழையில் நின்றபடி அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். இன்வெர்ட்டரில் வீணாவதைக் கூடுதலாகக் கழித்துவிட்டோமா, பேட்டரி புதிதல்லவா, பெட்டியில் போட்டதைவிடச் சற்று அதிகமாகவே தாங்குமல்லவா என்று தேடித் தேடிப் பார்த்தார். தம் கணக்குத் தவறாயிருக்க வேண்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக அவர் வேண்டிக்கொண்டார். எப்படிப் போட்டாலும் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனதே தவிர, வேறொன்றும் ஆகவில்லை.

ஒன்று நாற்பதுக்கு வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். இரண்டு மூங்கில்களின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி, அதில் ஒரு பெண்ணை அமர்த்தி, ஆறு பேர் சேற்றில் சறுக்கிச் சறுக்கி இறங்கிவந்தார்கள். பின்னால் மழைக்கோட்டால் மூடிய ஒரு வெள்ளைப் பெட்டியைத் தலையில் சுமந்தபடி ஓர் இளம்பெண் வந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நெல்லையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கயிற்றைத் தாண்டி ஓடினார். மூங்கிலின் பின்முனையைத் தோளில் தாங்கி வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும்.

அவனை என்ன சொல்லி அழைப்பது? இத்தனை பேர் நடுவில், இந்த மழையில், அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு நாக் கூசியது. சொன்னார்.

"பனிப்பூனையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான் எதிர்முனை. உங்ககிட்ட நான் அன்னைக்கு..."

"எதிர்முனை அண்ணனா?" என்றான் அவன். அவன் முகத்தில் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை. அவற்றுக்கெல்லாம் அங்கே இடமில்லை. "அண்ணே, இந்தக் கம்பைப் பிடிங்க. எனக்குக் கை மரத்துப் போச்சு."

நெல்லையப்பன் மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டார். நாற்காலியில் இருந்தவளின் தலை அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. உதடுகள் நாவற்பழம் தின்ற குழந்தையின் உதடுகள் போல இருந்தன. இருபதடி தூரம்தான், அதற்குள் அவர் இருமுறை சறுக்கினார். ஆம்புலன்ஸுக்குள் நோயாளியோடு ஒருவரை மட்டுமே ஏற்ற முடியும் என்றார்கள். பெட்டியைச் சுமந்துவந்த அவன் தங்கை ஏறிக்கொண்டாள். வண்டி ஓசையெழுப்பிக்கொண்டு போய்விட்டது.

அவனை ஹரியின் சரக்கு வண்டியில்தான் அழைத்துப் போனார்கள். பின்புறத்தில் ஜெனரேட்டருக்கு ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் நெல்லையப்பனும் அமர்ந்தார்கள். அவன் பெயர் ரெனி. விதுராவில் ஃபோன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. தாய் தாசம்மாள் முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவள். நுரையீரல் கெட்டு நான்கு ஆண்டுகளாகிறது. இவற்றையெல்லாம் அவன் கேளாமலே சொன்னான். ஐந்து ஆண்டுகளாகச் சொல்லாததை நெடுமங்காடு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

"வீட்டுல முன்ன ஜெனரேட்டர் இருந்துதா?" என்று நெல்லையப்பன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருந்துச்சு. பந்தல்காரருக்குக் கொடுத்துட்டேன்."

"நான் சொன்னதைக் கேட்டா?"

"அது ஓடும்போது புகை உள்ள வரும், அண்ணே. அம்மாவுக்கு இருமல் நிக்காது. லயத்துல எல்லாரும் சத்தம்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னதுல நியாயம் இருந்துச்சு."

"350 வாட் எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா, தம்பி? நான் கம்ப்யூட்டர்னுல்லா நெனச்சேன்."

"வீட்டு விஷயம் பேசக்கூடாதே." சொல்லிவிட்டு அவன் சாலையைப் பார்த்தான். "அதுவும் இல்லாம, மத்த எல்லா இடத்துலயும் என்னப் பாத்த உடனே அம்மாவுக்கு எப்படி இருக்குன்னுதான் கேப்பாங்க. அங்க மட்டுந்தான் யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

நெல்லையப்பன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கல்லாரிலிருந்து தயாராகியிருந்தார். எதற்கென்று கேட்பது? சொன்ன கணக்குச் சரி. புகை கெடுதல் என்றதும் சரி. அந்த இரண்டு வரிக்காகக் கேட்கலாமென்றால், அதை வாய்விட்டு ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டியிருக்குமே. அவன் தாயின் ஈரச் சேலைத்தலைப்பு ஒன்று அவன் கையிலேயே தங்கிவிட்டிருந்தது. அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"எப்ப அணைஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

"பன்னண்டு அம்பது இருக்கும். ஆளுங்க வந்து சேர்ந்தது ஒண்ணே காலுக்கு. சிலிண்டரைச் சுமந்துக்கிட்டு மண்ணுல ஏற முடியலையாம்; கீழ வந்துதான் வெச்சாங்க."

நெல்லையப்பன் தார்ப்பாயை இழுத்து அவன் முழங்காலை மூடினார்.

தாசம்மாள் பிழைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். புதன்கிழமை மத்தியானம் கடையில் ஒரு மணி நேரம் விடுப்புக் கேட்டுக்கொண்டு நெல்லையப்பன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் கண்விழித்துப் படுத்திருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. ரெனி குனிந்து, "அம்மா, எதிர்முனை அண்ணன் வந்திருக்காரு" என்று சொன்னான். அவள் மகனைப் பார்த்தாள். மகனைப் பார்த்ததுபோலவே பக்கத்தில் தொங்கிய திரையையும் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"கொஞ்ச நேரம் காத்து போகாம இருந்துட்டுதாம். மெதுவா சரியானாலும் ஆகும்; இப்படியே இருந்தாலும் இருக்கும்னு சொல்லுறாரு. தங்கச்சியை நேத்து ஒருதடவை பேரு சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு உறுதியில்ல."

நெல்லையப்பன் வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலின்கீழ் வைத்தார். அவர் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழுவில் அதே வாதம் புதிதாகத் தொடங்கியிருந்தது. ஜெனரேட்டர்க் கட்சியார் தாசம்மாளையே சான்றாகக் காட்டினார்கள். பேட்டரிக் கட்சியார், ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டார்கள். எதிர்முனையின் தீர்ப்பு என்ன என்று அவர் பெயரைக் குறித்து முப்பது பேருக்கு மேல் அழைத்திருந்தார்கள். மஹேஷ் எவ்வளவு சொல்லியும் அடங்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அக்கறையோடுதான் எழுதினார்கள்.

ரெனி அவரை வெளியே நடைபாதைக்கு அழைத்துவந்தான். அங்கே ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்து விரித்தான். அதில் இரண்டு பத்திகளாக எழுதியிருந்தான். ஒன்றின் தலைப்பு ஜெனரேட்டர். மற்றொன்றின் தலைப்பு பேட்டரி.

"அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம், அண்ணே. மிஷின் இனிமே எப்பவும் வேணும். மழை இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஜெனரேட்டர் வாங்கினா புகை. இப்ப அம்மாவால இருமக்கூட முடியல. பேட்டரி இன்னொண்ணு போட்டா பன்னண்டு மணி நேரம். மண்ணு விழுந்தா அதுவும் பத்தாது. கீழ விதுராவுல வீடு பாக்கலாம்னா எனக்குக் கையில ஒதுங்காது." அவன் தாளை அவர் பக்கம் திருப்பினான். அவன் கண்களில் குத்தலோ ஏளனமோ துளியும் இல்லை. குழுவில் அவரிடம் எப்படிக் கேட்பானோ அப்படியேதான் கேட்டான். "நீங்க எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க. எது வாங்கணும், சொல்லுங்க. அதையே வாங்கிடுறேன்."

நெல்லையப்பன் தாளைப் பார்த்தார். எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்தார்; கழித்துப் பார்த்தார். மலையில் அந்த லயத்தையும் அதன் ஏழாம் எண்ணையும் நினைத்தார். உள்ளே இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியல்ல தம்பி" என்றார்.

அதை ஒரு விடையின் தொடக்கம் என்று எண்ணிக்கொண்டு, அவர் மேலே சொல்லப்போவதைக் குறித்துக்கொள்வதற்காக ரெனி பேனாவின் மூடியைத் திறந்தான்.